ஓவியர் கடந்த எல்லை: திருவாங்கூர் அரண்மனைத் தமிழ் ஓவியர் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த தமிழ் ஓவியர்களைப் பற்றிய செய்திகள் தனி நூலாகத் தொகுக்கப்பெற்றவை அல்ல. அவை இரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகளிலும் திருவாங்கூர் வரலாற்று நூல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவ்வரலாறுகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பெற்றுப் பின்னர்த் தமிழுக்கு வந்தவை. எனவே, தமிழ் நாட்டிலிருந்து சென்ற ஓவியர்கள் தமிழ் வாசகருக்கு மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிமுகமாகின்றனர். இவ்வாறு திரும்பி வரும்போது அவர்தம் பெயர், தொழில், தகுதி ஆகிய மூன்றும் மாறுதலுக்கு உள்ளாகின்றன. அம்மாறுதல்களை எடுத்துக்காட்டி, அவற்றுக்கான மொழியியற் காரணங்களை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வோவியர்கள் கடந்து சென்ற பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் மொழிச்சூழல் இவ்விளக்கத்திற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

2. வழியும் எல்லையும்

மதுரையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பழைய வழிகளுள் ஒன்று திருநெல்வேலி, ஆரல்வாய்மொழிக் கணவாய், நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்னும் ஊர்களைத் தொட்டுச் செல்வதாகும். முன்பு 47 எனவும் இன்று 66 எனவும் எண்ணிடப்பெற்றுள்ள தேசிய நெடுஞ்சாலை, நாகர்கோவிலுக்கு மேற்கே ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றுகிறது.

இவ்வழியில் இன்று மாநில எல்லை களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்தையும் இணைக்க வேண்டும் என்று திருவாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரியது. எனினும் அவ்வட்டம் கேரளத்திலேயே நின்றது. மொழியை அடிப்படையாகக் கொண்டு கோடு வரையப்பெற்றபோதிலும், பேச்சுவழக்கு அக்கோட்டில் நின்றுவிடவில்லை. விளவங்கோட்டுப் பக்கத்துத் தமிழில் நீரை ‘வெள்ளம்’ என்றும் தேநீரைச் ‘சாயா’ என்றும் கூறும் வழக்கு உண்டு. பாறசாலைப் பக்கத்து மலையாளத்திலோ தமிழ்ச் சொற்களும் தமிழ் ஒலிப்பும் மிகுதியாகக் கலந்துள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை வேறாக இருந்தது. அன்று மதுரையும் திருநெல்வேலியும் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தன. திருவாங்கூர் தனி அரசு. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அரசியல் எல்லை இவ்வழியில் ஆரல்வாய்மொழியில் இருந்தது. ஆதலின், மதுரையிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் அரசு எல்லையைக் கடந்தபோது மொழி மாறவில்லை. மொழி மெல்ல மாறத் தொடங்கிய பாறசாலைப் பக்கத்தில் அரசு எல்லை எதுவும் இல்லை.

இவ்வேறுபாடு சொல்லாட்சியைப் பாதிக்கிறது. பண்டை இலக்கியம் வேற்றுமொழி வழங்கும் நாட்டை ‘மொழிபெயர் தேயம்’ என்று வழங்கியது. இன்று ‘புலம்பெயர்தல்’ என்னும் சொல் பெரும்பாலும் கடல்கடந்த குடியேற்றத்தையும், போரால் நாடிழந்தோரையும் நினைவூட்டுகிறது. மதுரை ஓவியர் திருவனந்தபுரம் சென்றதைப் ‘புலம்பெயர்ந்தார்’ என மொழிபெயர்த்தால் அந்நிகழ்ச்சிக்கு இல்லாத துயரச் சாயல் ஏறிவிடுகிறது. ‘கேரளாவுக்குச் சென்றார்’ என்று எழுதினால் அன்று இல்லாத மாநிலம் ஒன்று இடம்பெற்றுவிடுகிறது. ‘திருவாங்கூர் அரண்மனைப் பணிக்குச் சென்றார்’ என்பதே காலத்திற்கும் நிலைக்கும் பொருந்திய தொடராகும்.

இவ்வாறு தொழில் கருதிச் சென்றோர் ஓவியர் மட்டும் அல்லர். நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்து நெசவாளர் குடிகள், 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வருவிக்கப்பெற்றோரின் வழியினர் ஆவர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாள் அவையில் விளங்கி, 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். நெசவும் இசையும் சென்ற வழியே ஓவியமும் சென்றது எனலாம்.

3. அரண்மனை ஓவியர் மூவர்

இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைவோர் மூவர்.

முதலாமவர் அழகிரி நாயுடு. மதுரையைச் சார்ந்த இவர், 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாளின் விருப்பத்திற்குரிய ஓவியராக விளங்கினார். கிளிமானூர் அரண்மனையைச் சார்ந்த இராசராசவர்மா தஞ்சாவூர்ப் பாணி ஓவியத்தை இவரிடம் பயின்றார். அந்த இராசராசவர்மாவே பின்னாளில் இரவிவர்மாவின் முதல் ஆசிரியர் ஆனார்.

இரண்டாமவர் இராமசாமி நாயுடு. இவர் 1860 முதல் 1880 வரை ஆண்ட ஆயில்யம் திருநாளின் அவையில் உருவ ஓவியராக இருந்தவர். எண்ணெய் வண்ணத்தைக் கையாளும் முறை அறிந்தோர் அந்நாளில் அங்கு மிகச் சிலரே. அவருள் இவர் தலைமை பெற்றிருந்தார்.

மூன்றாமவர் ஆறுமுகம் பிள்ளை. இராமசாமி நாயுடுவின்கீழ்த் தொழில் பயின்று அவருக்குத் துணையாக இருந்தவர்.

1848 ஏப்ரல் 29 அன்று கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா, 1862-இல் தம் பதினான்காம் வயதில் தாய்மாமனுடன் திருவனந்தபுரம் வந்தார். நீர்வண்ண முறையை இராமசாமி நாயுடுவிடம் அறிந்துகொண்டார் என்றும், எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்பிக்க நாயுடு இசையவில்லை என்றும், அந்நுட்பத்தை ஆறுமுகம் பிள்ளை இரவு நேரங்களில் வந்து மறைவாகக் கற்பித்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய உருவ ஓவியர் திருவனந்தபுரம் வந்தார். அவரும் நேராகக் கற்பிக்க முன்வரவில்லை. தாம் தீட்டுவதைப் பார்த்திருக்க மட்டும் இடமளித்தார். 1873-இல் சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில் இரவிவர்மா ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றார்.

அந்நாளில் தொழில்நுட்பமே ஓவியரின் வாழ்வுரிமை. வண்ணத்தை எந்த எண்ணெயில் குழைப்பது, எத்துணை நாள் உலரவிடுவது, அடிப்பூச்சு எவ்வாறு அமைப்பது என்பன பள்ளியில் கற்பிக்கப்பெற்ற பாடங்கள் அல்ல. அயல் அரசில் வந்து தங்கிய ஓவியருக்கு நிலமோ குடிவழி உரிமையோ துணையில்லை; அரசரின் விருப்பமும் கைத்திறனுமே துணை. இராமசாமி நாயுடுவின் மறுப்பைப் பொறாமை என ஒரு சொல்லில் முடித்துவிடாமல், இப்பின்னணியில் வைத்து நோக்குதல் தகும்.

4. பெயரும் எழுத்தும்

அழகிரி என்னும் பெயரை முதலில் நோக்குவோம். இது மதுரையை அடுத்த அழகர் மலையோடு தொடர்புடைய பெயர். தாங்கியவரின் ஊரைப் பெயரே உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் ழகரத்திற்குத் தனி எழுத்து இன்மையால் அது லகர எழுத்தால் குறிக்கப்பெற்றது. மலையாளத்தில் ழகரம் உண்டு. எனினும் ஆங்கில நூலைப் பார்த்து எழுதுவோர் லகரமாகவோ ளகரமாகவோ எழுதிவிடுகின்றனர். அங்கிருந்து தமிழுக்கு வரும்போது ‘அலகிரி’, ‘அளகிரி’ என்னும் வடிவங்கள் தோன்றுகின்றன. இரு மொழிகளுக்கும் பொதுவான ஓர் ஒலி, அவ்வொலி இல்லாத மூன்றாம் மொழியின் வழியாகச் சென்றதால் இழக்கப்பெற்றது. பெயரில் ஓர் எழுத்து மாறியதோடு ஊர்த்தொடர்பும் மறைந்துவிடுகிறது.

இராமசாமி நாயுடுவைச் சில நூல்கள் இராமசாமி நாயக்கர் என்று குறிக்கின்றன. தெலுங்கு மரபுடைய குடிகளுக்குத் தமிழ்நாட்டில் இவ்விரு பட்டங்களும் வழங்குவதால் இம்மயக்கம் எழுகிறது. இதனை அறியாத மொழிபெயர்ப்பாளர் இருவேறு ஓவியர் இருந்தனர் எனக் கருத இடமுண்டு. மூலத்தில் உள்ள வடிவத்தை எழுதி, முதல் இடத்தில் மற்றொரு வடிவத்தையும் சுட்டுதல் நன்று. ஜென்சன் பெயரும் ஈற்றயல் உயிர் மாறி இரண்டு வகையாக எழுதப்படுகிறது. அவரைச் சிலர் டச்சுக்காரர் என்பர். சிலர் ஆங்கில ஓவியர் என்பர்.

இராசராசவர்மா என்னும் பெயர் மற்றொரு சிக்கல் உடையது. இரவிவர்மாவின் தாய்மாமன் பெயரும் இராசராசவர்மா. 1905-இல் மறைந்த இளவலின் பெயரும் இராசராசவர்மா. இளவலும் ஓவியர்; தமையனுடன் பல ஊர்களுக்குச் சென்று ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதியவர். அழகிரி நாயுடுவிடம் பயின்றவர் தாய்மாமன். நாட்குறிப்பு எழுதியவர் இளவல். 1860-இல் பிறந்த இளவல், 1846-இல் முடிந்த ஆட்சிக்காலத்து ஓவியரிடம் பயின்றதாகத் தமிழ்க் கட்டுரைகளில் எழுத நேர்வது இவ்வொப்புமையால்தான். ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்னும் அடைகளைத் தவறாமல் இடுதல் வேண்டும்.

5. எழுதுதலும் தீட்டுதலும்

இரவிவர்மாவை மலையாளிகள் ‘சித்ரமெழுத்து கோயித்தம்புரான்’ என்று வழங்கினர். இத்தொடர் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு இடர்ப்பாடுகளைத் தருகிறது.

முதலாவது, ‘கோயி’ என்பது. இது கோயில் என்னும் சொல்லே. ஆனால் இங்கே தெய்வத்திருவிடத்தைக் குறிக்கவில்லை. அரசன் இல்லமாகிய அரண்மனையைக் குறிக்கிறது. பழந்தமிழில் இப்பொருள் இருந்தது. இன்றைய தமிழில் அது வழக்கொழிந்தது. மலையாளத்தில் ‘கோயிக்கல்’ போன்ற வடிவங்களில் நின்றுள்ளது. அரசகுல மகளிரை மணக்கும் குடியினர்க்குரிய இப்பட்டத்தைக் ‘கோயில் தலைவர்’ என்று தமிழாக்கினால், ஓவியர் அறங்காவலராகிவிடுவார்.

இரண்டாவது, ‘எழுத்து’ என்பது. மலையாளத்தில் படம் வரைதலைச் ‘சித்ரமெழுத்து’ என்பர். தரையில் வண்ணப் பொடியால் தெய்வ உரு அமைப்பது ‘களமெழுத்து’. பண்டைத் தமிழிலும் எழுதுதல் என்பது உருவம் வரைதலையும் குறித்தது. மடலேறத் துணிந்த தலைவன், தலைவியின் உரு எழுதிய கிழியைக் கையில் ஏந்துவான் என்பது அகப்பொருள் மரபு. கிழி என்பது படம் எழுதிய துணி. உருவ ஓவியம் என்னும் கருத்து தமிழுக்குப் புதியது அன்று என்பதற்கு இம்மரபே சான்றாகும். காலப்போக்கில் தமிழில் எழுதுதல் என்பது வரிவடிவம் பொறித்தலுக்கே உரியதாகச் சுருங்கியது. கண்ணுக்கு மை எழுதுதல் என்னும் வழக்கில் மட்டும் பழம்பொருள் எஞ்சியுள்ளது.

இதற்கு நேர்மாறான வளர்ச்சியைத் ‘தீட்டு’ என்னும் சொல் காட்டுகிறது. இச்சொல்லுக்கும் வரைதல், எழுதுதல் என்னும் இரு பொருள்கள் இருந்தன. இன்றைய தமிழில் ஓவியம் தீட்டுதல் என்பதே பெருவழக்கு. மலையாளத்திலோ அரச ஓலையைக் குறிக்கும் ‘தீட்டூரம்’ என்னும் சொல்லில் எழுதுதல் பொருளே நிலைத்தது. ஆக, இரு மொழிகளும் பொதுவாகப் பெற்ற இரண்டு சொற்களை எதிரெதிராகப் பங்கிட்டுக்கொண்டன:

எழுது — தமிழில் வரிவடிவப் பொருள் ஓங்கியது. மலையாளத்தில் அதனோடு ஓவியப் பொருளும் நின்றது.

தீட்டு — தமிழில் ஓவியப் பொருள் ஓங்கியது; மலையாளத்தில் ஆவணப் பொருள் நின்றது.

எனவே, ‘சித்ரமெழுத்துகாரன்’ என்பதைச் ‘சித்திர எழுத்தாளர்’ என்பதும், தீட்டூரத்தை ஓவியத்தோடு தொடர்புபடுத்துவதும் ஒரே வகைப் பிழைகள். சொல் இரு மொழிக்கும் பொதுவாக இருப்பதே இப்பிழைகளுக்குக் காரணம்.

6. சாயல், சாயம், சாயா

உருவ ஓவியத்தைக் குறிக்கும் மலையாளச் சொல் மேலும் நுணுகி நோக்கத்தக்கது. மலையாளத்தில் ஒலியால் நெருங்கிய மூன்று சொற்கள் உள்ளன. தேநீரைக் குறிக்கும் ‘சாய’ ஒன்று. வண்ணப்பூச்சைக் குறிக்கும் ‘சாயம்’ மற்றொன்று. நிழலையும் உருவொப்புமையையும் குறிக்கும் வடசொல்லாகிய ‘சாயா’ மூன்றாவது. மூன்றாவது சொல்லின் முதலெழுத்து மூச்சொலியுடைய சகரம். மலையாள எழுத்தில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். தமிழ் எழுத்தில் இதனைக் காட்ட இயலாது. எல்லையூர்ப் பேச்சிலும் மூச்சொலி பெரும்பாலும் மறைந்துவிடுவதால் மூன்றும் ஒலியால் நெருங்கிவிடுகின்றன.

உருவ ஓவியம் மலையாளத்தில் ‘சாயாசித்ரம்’ எனப்படும். இது மூன்றாவது சொல்லிலிருந்து வந்தது. உருவொப்புமைப் படம் என்று பொருள்படும். எண்ணெய் வண்ண ஓவியம் ‘எண்ணச்சாய சித்ரம்’. இது இரண்டாவது சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் தமிழ் எழுத்தில் பெயர்த்தால் ஒரே சொல்லின் இரு வடிவம் போலத் தோன்றும். மேலும் தமிழில் சாயம் என்பது துணிக்கு ஏற்றும் நிறத்தையே பெரும்பாலும் குறிக்கும். பாலராமபுரத்து நெசவாளர் காதில் ‘எண்ணெய்ச் சாயம்’ என்பது ஓவியரின் பொருளாகப் படாது. தமிழில் ‘எண்ணெய் வண்ணம்’ அல்லது ‘தைல வண்ணம்’ என்பதே பொருந்தும்.

சாயாசித்ரம் என்பதைப் பகுத்துச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் ‘நிழற்படம்’ என்று எழுத நேர்கிறது. தமிழில் நிழற்படம் என்பது ஒளிப்படக் கருவியால் எடுக்கப்பெறும் படம். இப்பிழை சொல்லளவில் நின்றுவிடுவதன்று. இராமசாமி நாயுடு நிழற்படங்கள் உருவாக்கினார் என்று எழுதினால், கையால் தீட்டிய ஓவியர் புகைப்படக் கலைஞராக மாறிவிடுகிறார். ஒளிப்படம் பரவத் தொடங்கிய அதே காலத்தில் உருவ ஓவியர் தம் இடத்தைக் காத்துக்கொண்டனர் என்னும் வரலாற்றுச் செய்தியும் அழிந்துவிடுகிறது.

இதற்குத் தமிழிலேயே நல்ல தீர்வு உள்ளது. தொல்காப்பிய உரியியல் சாயல் என்னும் சொல்லுக்கு மென்மைப் பொருளை உரைக்கிறது. பின்னர் அச்சொல் அழகு, ஒப்புமை என்னும் பொருள்களை ஏற்றது. மலையாளத்தில் ‘முகச்சாய’ எனப்படுவதைத் தமிழர் ‘முகச்சாயல்’ என்பர். முன்னதன் இரண்டாம் உறுப்பு வடசொல். பின்னதனைச் சாய் என்னும் தமிழ் வினையடியோடு இணைப்பர். வேர் வேறாயினும் பயன்பாடு ஒன்றே. சாயாசித்ரம் என்பதை ‘உருவ ஓவியம்’ என்றும், விளக்கம் வேண்டும் இடத்தில் ‘ஒருவரின் சாயல் தோன்றத் தீட்டிய ஓவியம்’ என்றும் எழுதலாம்.

7. உறவும் தகுதியும்

மூத்த இராசராசவர்மாவை ஆங்கில நூல்கள் தந்தைவழி, தாய்வழி என்னும் வேறுபாடு காட்டாத பொதுவான உறவுச்சொல்லால் குறிக்கின்றன. தமிழில் அதற்குச் சிற்றப்பா, பெரியப்பா, மாமா எனப் பல சொற்கள் இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மருமக்கள்தாய முறையில் தாய்மாமனே குடும்பத் தலைவர். மருமகனின் கல்வியும் தொழிலும் அவர் பொறுப்பு. ‘சிற்றப்பா’ எனப் பெயர்த்தால், ஓவியக் கல்வி ஏன் அவர்வழிச் சென்றது என்பது விளங்காமற் போகும். இரவிவர்மாவின் பெயருக்கு முன் நிற்கும் ‘இராசா’ என்பது அரசப் பட்டம் அன்று, தாய்மாமன் பெயரின் முற்பகுதியே என்னும் விளக்கமும் இம்முறையை ஒட்டியதே.

ஆறுமுகம் பிள்ளைக்கு நேரும் மாறுதல் இன்னும் கருதத்தக்கது. ஒரு நூல் அவரை மாணவர் என்கிறது; ஒரு நூல் உதவியாளர் என்கிறது; தொழில் பழகுநர் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லாலும் அவர் குறிக்கப்பெறுகிறார். தமிழில் ‘சீடர்’ என்றால் ஒரு தகுதி. ‘கையாள்’ என்றால் வேறொரு தகுதி. அவர் செய்ததைத் ‘திருட்டுத்தனமாகக் கற்பித்தார்’ என்பதற்கும் ‘மறைவாகக் கற்பித்தார்’ என்பதற்கும் உள்ள இடைவெளி பெரிது. முன்னது ஆசிரியருக்குத் துரோகம் செய்தவராக அவரைக் காட்டுகிறது. பின்னது, மறுக்கப்பெற்ற கல்வியை ஓர் இளைஞனுக்கு அளித்தவராகக் காட்டுகிறது. தமக்கென வரலாறு எழுதப்பெறாத ஒருவருக்கு, மொழிபெயர்ப்பாளர் தெரிந்தெடுக்கும் ஒரு சொல்லே வரலாறாக நின்றுவிடுகிறது. ‘இராமசாமி நாயுடுவிடம் தொழில் பயின்ற ஓவியர்’ என்னும் தொடர் கூட்டலும் குறைத்தலும் இன்றி நிலையை உணர்த்தும். ‘ஓவியர்’ என்னும் சொல் அவருக்கு உரியது. அதனை விடுத்தல் ஆகாது.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

முதலாவதாக, மதுரை ஓவியர் திருவாங்கூர் சென்றதை இன்றைய மாநில எல்லையைக் கொண்டு விளக்குதல் காலவழு ஆகும். அன்றைய அரசு எல்லை ஆரல்வாய்மொழியிலும், மொழி கலந்த பகுதி பாறசாலை, நெய்யாற்றின்கரையிலும் இருந்தன.

இரண்டாவதாக, தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே பிழைகள் மிகுவது வேறுபட்ட சொற்களால் அன்று. பொருள் பிரிந்த பொதுச் சொற்களால் ஆகும். எழுத்து, தீட்டு, கோயில், சாயம் ஆகியவை இதற்குச் சான்றுகள்.

மூன்றாவதாக, மலையாளச் செய்தி ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்போது, இரு மொழிக்கும் பொதுவான ஒலியும் உறவுமுறையும் இடையில் இழக்கப்படுகின்றன. இயன்றவரை மலையாள மூலத்தை நேரே நோக்குதல் வேண்டும்.

பாறசாலையிலும் களியக்காவிளையிலும் வாழும் இருமொழியாளர், இம்மூன்று சாயங்களையும் நாள்தோறும் மயக்கமின்றி வழங்குகின்றனர். தேநீர்க் கடையிலும் துணிக்கடையிலும் சூழலே அவர்களுக்குப் பொருளை வரையறுத்துத் தருகிறது. அச்சூழல் நூலில் இல்லை. அதனை வாசகருக்கு அமைத்துத் தருதல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. அவ்வாறு செய்யும்போது அழகிரி நாயுடுவும் இராமசாமி நாயுடுவும் ஆறுமுகம் பிள்ளையும் தம் பெயரோடும் தொழிலோடும் தமிழுக்குத் திரும்புவர்.